அறுந்த முடிகளைத் தானே சீராக்கும் கடல் சாமந்தி

கல்யாண வீட்டில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த இரவில், காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். காலையில் எழுந்தால் பெரும்பாலும் அது போயிருக்கும். நாமும் மறந்துவிடுவோம். அந்த இரவில் காதுக்குள் என்ன பழுதானது, எது சரியானது, எது சரியாகாமலே போனது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய விஞ்ஞானிகளில் சிலர், காதே இல்லாத ஒரு கடல் உயிரினத்திடம் போய்ச் சேர்ந்தார்கள்.

அதுதான் கடல் சாமந்தி. பார்வைக்குப் பூ. ஆனால் பவளத்துக்கும் ஜெல்லி மீனுக்கும் உறவான விலங்கு. நம் மன்னார் வளைகுடாவின் பாறை, பவளப் பகுதிகளிலும் இவற்றைப் பார்க்கலாம். அடிப்பாகத்தால் பாறையையோ மண்ணையோ பற்றிக்கொண்டு, நடுவில் வாயும் அதைச் சுற்றி இதழ்கள் போன்ற உணர்நீட்சிகளுமாக நிற்கும். மூளை இல்லை. உடல் முழுக்கப் பரவிய நரம்பு வலை மட்டுமே உண்டு. இரையைத் துரத்திப் போகவும் இயலாது. அருகில் வருவதைப் பிடித்தால்தான் சாப்பாடு.

பிடிப்பதற்கு அதனிடம் இருப்பவை கொட்டும் செல்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு சிறு பை. அதற்குள் சுருட்டி வைத்த நூல் போன்ற குழல். தூண்டப்பட்டால் அந்தக் குழல் வெளியே பாய்ந்து இரையைத் தைக்கும். ஒரு பை ஒரு முறைதான் வெடிக்கும். பிறகு அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை உடல் தயாரிக்க வேண்டும். அலை மோதுவதற்கெல்லாம் வெடித்துக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. எனவே வருவது இரையா, வெறும் நீரசைவா என்று தெரிந்தாக வேண்டும்.

இதைத்தான் அதிர்வு உணர்வால் அது சாதிக்கிறது. உணர்நீட்சிகளின் மேற்பரப்பில் நுண்ணிய முடிக்கற்றைகள் உள்ளன. நீர் அதிரும்போது அவை அசைகின்றன. அசைவு பொருத்தமானதாக இருந்தால் கொட்டும் செல்களுக்குச் சைகை போகிறது. எது பொருத்தமான அசைவு என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கிளென் வாட்சன், டேவிட் ஹெசிங்கர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989-இல் 'சயின்ஸ்' இதழில் இதை விளக்கினார்கள். சிறு இறால் போன்ற இரை அருகில் வரும்போது அதன் உடலிலிருந்து சில சர்க்கரைப் பொருட்கள் நீரில் கசிகின்றன. அவை பட்டதும் கடல் சாமந்தியின் முடிக்கற்றைகள் மெதுவான அதிர்வுகளுக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. நீந்தும் இரை எழுப்புவது அந்த மாதிரி மெதுவான அதிர்வைத்தான். வானொலிப் பெட்டியில் நிலையத்துக்குத் திருகுவதைப் போல, முதலில் வாசனை, பிறகு அதற்கேற்ற அலைவரிசை.

இனி நம் காதுக்கு வருவோம். காதின் உட்பகுதியில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில், பிறக்கும்போது ஒரு காதுக்குச் சுமார் 16,000 முடிச்செல்கள் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு முடிக்கற்றை, படிக்கட்டு போல உயரம் ஏறி நிற்கும். ஒரு முடியின் நுனியைப் பக்கத்து உயரமான முடியோடு மெல்லிய இழை ஒன்று இணைக்கிறது. ஒலி வந்து முடிகள் சாயும்போது இழை இழுபடுகிறது. அந்த இழுப்பில் வாயில் திறந்து மின்சைகை பிறக்கிறது. மூளைக்குப் போகும் ஓசையெல்லாம் இப்படித்தான் தொடங்குகிறது. கடல் சாமந்தியின் கற்றையிலும் இதே போன்ற இழைகள் உண்டு. நம் காதின் இழையில் உள்ள கேட்ஹெரின்-23 என்ற புரதத்துக்கு நெருங்கிய ஒன்று அதனிடமும் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் இரண்டும் அச்சு அசல் அல்ல. நம் காதில் ஒரு கற்றை ஒரே செல்லுக்குச் சொந்தம். அங்கோ பல செல்கள் சேர்ந்து ஒரு கற்றையை அமைக்கின்றன.

பெருஞ்சத்தம் இந்த இழைகளை அறுத்துவிடும், முடிகளைக் கலைத்துவிடும். அளவு மீறினால் செல்லே இறந்துபோகும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். கற்றை கலைவது பழுது, செல் சாவது இழப்பு. கோழிக்குஞ்சும் மீனும் இறந்த முடிச்செல்லுக்குப் பதில் புதியதை வளர்த்துக்கொள்ளும். பறவைகளில் இது நடப்பதை 1988-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. நம் காக்ளியாவுக்கு அந்த வசதி இல்லை. போனது போனதுதான்.

கடல் சாமந்தியின் முடிக்கற்றைகளோ திறந்த கடலில், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நிற்பவை. போதாதற்குச் சில இனங்கள் தம் உடலையே இரண்டாகப் பிளந்து இனப்பெருக்கம் செய்கின்றன. அப்படியிருந்தும் அவை எப்படி உணர்வு மங்காமல் இருக்கின்றன என்ற கேள்வி வாட்சனுக்கு எழுந்தது. லூசியானா பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு, கடல் சாமந்தியைக் கால்சியம் இல்லாத கடல்நீரில் ஒரு மணி நேரம் வைத்தது. இழைகள் நிலைத்து நிற்கக் கால்சியம் தேவை. அது இல்லாததால் கற்றைகள் கலைந்தன. அதிர்வை உணரும் திறன் போனது. ஜெலட்டின் பூசிய மெல்லிய நைலான் இழையை அதிரவைத்து உணர்நீட்சியில் தொட்டு, எத்தனை கொட்டும் பைகள் அதில் தைக்கின்றன என்று எண்ணித்தான் இதை அளந்தார்கள். மறுபடி சாதாரணக் கடல்நீரில் விட்டதும், சுமார் நான்கு மணி நேரத்தில் திறன் திரும்பியது.

அந்த நேரத்தில் அதன் உடல் சில புரதங்களைச் சுரந்து வெளியே விடுகிறது. அவற்றைப் பிரித்தெடுத்து, சிதைந்த மற்றொரு கடல் சாமந்திக்குக் கொடுத்தபோது நான்கு மணி நேர வேலை சுமார் எட்டே நிமிடத்தில் முடிந்தது. 1998-இல் இந்த முடிவு வெளியானது.

அடுத்து எலியின் காது. 2016-இல் அதே குழு, எலிக் காக்ளியாவின் செல்களை ஆய்வுக்கூடத் தட்டில் வைத்து, கால்சியத்தை நீக்கிக் கற்றைகளைக் கலைத்தது. பிறகு கடல் சாமந்தியின் புரதங்களில் ஒரு மணி நேரம் வைத்தது. கலைந்த முடிகளில் பல ஒழுங்காகின. செல்களும் மீண்டும் வேலை செய்யத் தொடங்கின. இந்தப் புரதங்களுக்கு உறவான புரதங்கள் எலியிடமும் உண்டு என்பது இன்னொரு கண்டுபிடிப்பு. பாலூட்டிகளின் காதுக்கும் ஓரளவு பழுதுபார்க்கத் தெரியும் என்பதை 2023-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வும் காட்டியது. முடிகளின் தண்டில் ஏற்படும் விரிசலை ஒரு புரதம் கண்டுபிடித்து அடைக்க உதவுகிறதாம்.

இதைப் படித்ததும் வீட்டில் காது மந்தமான பெரியவருக்கு மருந்து வந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. தட்டில் இருந்த செல்லுக்கு நடந்தது, எலும்புக்குள் பூட்டிக் கிடக்கும் மனிதக் காதுக்கு நடந்ததாகாது. இறந்த செல்லை எழுப்புவது இந்தப் புரதங்களின் வேலையும் அல்ல. 'கடல் சாமந்தி மருந்து' என்று யாராவது விற்க வந்தால் கைப்பையைத் திறக்காதீர்கள்.

காலையில் ரீங்காரம் நின்றுவிட்டது என்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 2009-இல் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் எலிகளுக்கு இரண்டு மணி நேரம் 100 டெசிபல் சத்தம் கேட்கவைத்தார்கள். நாட்கள் செல்ல, கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பியது. முடிச்செல்களும் தப்பின. ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் முனைகளில் சில பகுதிகளில் ஏறக்குறையப் பாதி நிரந்தரமாக அழிந்திருந்தன. பரிசோதனையில் காது நன்றாக இருப்பதாகத் தெரிந்தும், கூட்டத்துக்கு நடுவே பேச்சு பிடிபடவில்லை என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பிள்ளைகளின் காதில் எந்நேரமும் இயர்போன் தொங்கும் வீடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு இது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். பத்து டெசிபல் கூடினால் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். சிறுவர்களுக்கு 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் வரைதான். 12 முதல் 35 வயதுக்குள் உலகில் நூறு கோடிக்கும் அதிகமானோர் இப்படிக் கேட்கும் திறனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. ஜென்டாமைசின் போன்ற சில ஊசி மருந்துகளும் முடிச்செல்களைக் கொல்லக்கூடியவை. உயிர் காக்க அவை தேவைப்படும் சமயங்கள் உண்டு. வீட்டில் யாருக்கேனும் மருந்தால் காது பழுதான வரலாறு இருந்தால் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, எந்தச் சத்தமும் கேட்காத நாளில் ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்தது போல மந்தமானால், அழுக்கு என்று எண்ணி எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். நரம்பு சார்ந்த திடீர்ச் செவிட்டுத்தன்மைக்குத் தரப்படும் சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் அதிகப் பலன் தரும். அன்றே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போங்கள். எந்த நாளில், எந்த நேரத்தில் தொடங்கியது என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள்.