சோளகமும் அடைமழையும்

மே மாதம் பிற்பாதியில் தென்மேற்கிலிருந்து ஒரு காற்று கிளம்புகிறது. இரத்தினபுரித் தோட்டங்களில் அந்தக் காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது இறக்கிவிட்டுப் போகும் அடைமழையைத்தான் பேசுவார்கள். யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கின் மணற்காட்டில் அதே காற்றுக்குச் சோளகம் என்று பெயர். அங்கே அது மழையில்லாத வெறுங்காற்று.

காரணம் மலைதான். கடலீரத்தைச் சுமந்து வரும் காற்று சிவனொளிபாதமலைச் சரிவில் மோதி, மேலேறி, குளிர்ந்து, கொட்டுகிறது. யாழ்ப்பாணத் தரையில் அதை மேலே தூக்கிவிட ஒரு குன்றுகூடக் கிடையாது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை; யாழ்ப்பாணத்தில் சுமார் 1,250. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்து ஓய்ந்துவிடும்.

இந்த எண்களை வைத்து ஒன்றை ஈர ஊர், மற்றதை வறண்ட ஊர் என்று எழுதிவிடுவது பாடப்புத்தக வழக்கம். ஆனால் இரத்தினபுரித் தோட்டங்களில் இறப்பர் மலை எனப்படும் வெட்டுப் பகுதியில் வேலை செய்பவருக்கு எவ்வளவு மழை என்பதைவிட எத்தனை மணிக்கு மழை என்பதுதான் கணக்கு. பால்வெட்டு விடியலில் நடப்பது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஒக்டோபர், நவம்பரில் இரத்தினபுரியில் இடி முழங்கி ஊரே வெள்ளக்காடாகலாம். ஆனால் அந்த மழை பெரும்பாலும் பின்னேரத்தில் வருவது. காலையில் வெட்டி, பாலைச் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிடலாம். மே, ஜூன் மழை அப்படியல்ல. இரவெல்லாம் பிசுபிசுவென்று தூறும். விடிந்ததும் பட்டையைத் தொட்டுப் பார்த்தால் விரலில் ஈரம் ஒட்டும். ஈரப்பட்டையில் வெட்டினால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காது, பட்டை முழுக்க வழிந்து வீணாகும். சிரட்டைக்குள் விழுந்ததும் மழைநீரோடு கலந்துபோகும். மரத்தைச் சுற்றிப் பொலித்தீன் பாவாடை கட்டிய மலைகளில் ஓரளவு சமாளிக்கலாம். கட்டாத மலையில் அன்றைக்குப் பேரு, அதாவது நாள் சம்பளம், விழாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்த் திரும்புவதுதான் மிச்சம்.

அதே விடியலில் மணற்காட்டுக் கரையில் படகு இறங்கிக்கொண்டிருக்கும். சோளகம் அந்தக் கரைக்குத் தரைப்பக்கத்துக் காற்று, அலை அடங்கியிருக்கும். அவர்களுடைய முடக்கம் வாடையில் வருகிறது. நவம்பர், டிசம்பரில் வடகீழ்க் காற்று கடலிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும்போது படகுகள் கரையேறிவிடும். மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊரில் காற்றின் கை எவ்வளவு நீளம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மழைதான் முடக்கம் என்றால், இறப்பர் தோட்டத்துக்கு வெயில் மாதங்கள் நல்ல காலமா? அதுவும் இல்லை. ஜனவரி, பெப்ரவரியில் மரம் இலை உதிர்க்கும், பால் வற்றும். வானம் வெளுத்திருக்கும், வாளி நிறையாது.

ஒரு வேறுபாட்டை மட்டும் அருகருகே வைக்கவே முடியவில்லை. மணற்காட்டில் கெட்ட காலம் வந்தால் படகைக் கரையில் இழுத்துப் போடலாம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை எங்கே இழுத்துப் போடுவது? 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாளில், புளத்கொஹுபிட்டிய பக்கத்துத் தோட்ட லயமொன்றும் மண்ணுக்குள் போனது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் முதல் மண்சரிவு எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேறும் நிலை என்ற அளவுகளைத் தோட்டங்களில் இன்று பிள்ளைகளும் அறிவார்கள்.

வானொலி வானிலை அறிவிப்பில் மீனவர்களுக்கென்று கடற்பரப்புப் பகுதி தனியாக வருகிறது. காற்றின் திசை, வேகம் எல்லாம் அதில் உண்டு. இரத்தினபுரி உள்ள சப்ரகமுவவுக்கு வருவது ‘அவ்வப்போது மழை’ அல்லது ‘பிற்பகல் 2 மணிக்குப் பின் மழை’ என்ற ஒரு வரி. இரண்டாவது என்றால் பால்வெட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம். முதலாவது என்றால், விடியற்காலை நான்கு மணிக்குப் பெய்யுமா, பெய்யாதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.