முகத்துக்கான சன்ஸ்கிரீன்: சேர்மானமும் தோல் பொருத்தமும்

முகத்துக்கான சன்ஸ்கிரீன் என்பது சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தோலுக்குள் இறங்குவதைக் குறைக்கும் பூச்சு. வாங்குபவர் கண்ணில் முதலில் படுவது அதன் எஸ்.பி.எஃப். எண். அது சொல்லும் செய்தி ஒன்றே ஒன்றுதான்: வெயிலில் தோல் சிவந்து கன்றுவதை அந்தப் பூச்சு எவ்வளவு தள்ளிப்போடுகிறது என்பது. தமிழர் பெரும்பாலோரின் மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் சிவப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை. முகம் கருத்துப்போவதும் கன்னத்தில் மங்கு படர்வதுமே அவர்களை மருத்துவரிடம் கொண்டுபோகின்றன. அவர்களுக்கு முன்பக்க எண்ணைவிடப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட சேர்மானப் பட்டியல்தான் அதிகம் உதவும்.

எஸ்.பி.எஃப். அளவீடு பனிமலையில் வெந்த வெள்ளைத் தோலோடு தொடர்புடையது. ஆஸ்திரிய வேதியியலாளர் ஃபிரான்ஸ் கிரைட்டர் 1938இல் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் பிட்ஸ் புயின் சிகரத்தில் ஏறியபோது வெயிலில் கன்றினார்; 1946இல் மலையேறிகளுக்கான களிம்பு ஒன்றைத் தயாரித்தார். எஸ்.பி.எஃப். அளவீட்டைப் பரப்பியவர்களில் அவரும் முக்கியமானவர். இன்றைய பன்னாட்டுச் சோதனை முறையிலும் வெளிர்நிறத் தோல் கொண்ட குறைந்தது 10 பேரின் முதுகில் பூசி, விளக்கொளி காட்டி, சிவப்பு எப்போது தோன்றுகிறது என்று பார்க்கிறார்கள். சிவப்பை உண்டாக்குவது பெரும்பாலும் புற ஊதாக் கதிர்களில் யு.வி.பி. என்ற வகை. எஸ்.பி.எஃப். 15 அதில் ஏறத்தாழ 93 சதவீதத்தைத் தடுக்கிறது; 30 என்றால் 97, 50 என்றால் 98. 30க்கு மேல் எண் ஏறும் வேகத்தில் பாதுகாப்பு ஏறுவதில்லை.

புற ஊதாக் கதிர்களில் இன்னொரு வகையான யு.வி.ஏ. கதிரின் அலைநீளம் 320 முதல் 400 நானோமீட்டர் வரை. அது தோலுக்குள் ஆழமாக இறங்கும், சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் கடக்கும். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்க ஓட்டுநரின் படத்தை ஒரு மருத்துவ இதழ் 2012இல் வெளியிட்டது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, ஆழச் சுருங்கியிருந்தது. நம் ஊர் ஓட்டுநருக்கு ஜன்னல் வலப்பக்கம். யு.வி.ஏ. பாதுகாப்பைப் பிளஸ் குறிகளால் காட்ட ஜப்பான் 1996இல் பி.ஏ. குறியீட்டைக் கொண்டுவந்தது, 2013இல் நான்காவது பிளஸ் குறி சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் யு.வி.ஏ. பாதுகாப்பு எஸ்.பி.எஃப். எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி.

புற ஊதாக் கதிரை நிறுத்தினாலும் மங்கு அடங்காததற்கு இன்னொரு காரணம் உண்டு. 2010இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணுக்குத் தெரியும் ஒளியே கருநிறத் தோலில் நீடித்த கருமையை உண்டாக்குவதையும், வெளிர்நிறத் தோலில் அப்படி நேராததையும் காட்டியது. சன்ஸ்கிரீனில் கதிரைத் தடுக்கும் வழக்கமான வடிப்பான்கள் இந்த ஒளியை அநேகமாக விட்டுவிடுகின்றன. நன்றாகத் தடுப்பது இரும்பு ஆக்சைடு. பட்டியலில் அது சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்களில் ஒளிந்திருக்கும். சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறமிகள் அவை. மெக்சிகோவிலிருந்து 2014இல் வந்த ஆய்வில், மங்குக்கு ஒரே மருந்து பூசிய இரு குழுக்களில், இரும்பு ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் பெற்ற குழுவுக்குக் கூடுதல் பலன் கிடைத்தது. நிறம் கலந்த சன்ஸ்கிரீனை ஒப்பனைப் பொருள் என்று ஒதுக்கும் வழக்கம் மங்கு உள்ளவர்களுக்கு நட்டம்.

இனி வடிப்பான்கள். அவோபென்சோன் சிறந்த யு.வி.ஏ. வடிப்பான், ஆனால் வெயில் பட்டால் சிதையும். ஆக்டினாக்ஸேட்டோடு சேர்ந்தால் இன்னும் விரைவாகச் சிதையும். இந்த இரண்டும் மட்டுமே உள்ள களிம்பைத் தவிர்ப்பது நல்லது. ஆக்டோகிரிலீன் அல்லது டினோசார்ப் எஸ் உடனிருந்தால் அவோபென்சோன் நிலைத்து நிற்கும். ஜிங்க் ஆக்சைடு யு.வி.பி., யு.வி.ஏ. இரண்டையும் தடுக்கும், டைட்டானியம் டை ஆக்சைடு நீண்ட யு.வி.ஏ. அலைகளில் பலவீனமானது. இந்தக் கனிமங்கள் கதிரைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்புகின்றன என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. உண்மையில் அவையும் பெருமளவு உறிஞ்சவே செய்கின்றன. மாநிற முகத்தில் அவை சாம்பல் பூசியதுபோல் தெரிவதுதான் பெரிய இடைஞ்சல். அதனால் பலர் பூச்சைத் துளியளவாகக் குறைத்துவிடுகிறார்கள்.

கனிமமல்லாத வடிப்பான்கள் சில இரத்தத்தில் கலக்கின்றன என்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வுகள் 2019, 2020 ஆண்டுகளில் காட்டின. அளந்த அளவு, மேற்கொண்டு பாதுகாப்புச் சோதனை தேவை என்பதற்கான வரம்பைத் தாண்டியது. தீங்கு நிரூபணமாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. சன்ஸ்கிரீனை நிறுத்தும்படி அந்த நிர்வாகம் சொல்லவும் இல்லை.

தோல் பொருத்தம் ஊரின் தட்பவெப்பத்தோடு சேர்ந்தது. சென்னைப் புழுக்கத்தில் கெட்டிக் களிம்பு வியர்வையோடு வழியும். எண்ணெய் வடியும் முகத்துக்கு ஜெல்லோ இலேசான திரவமோ சரிப்படும். வறண்ட தோலுக்கு கிளிசரின் உள்ள க்ரீம் இதம். ஆல்கஹால் பட்டியலின் தொடக்கத்திலேயே இருந்தால் எரிச்சல் வரலாம். ‘நான்-காமெடோஜெனிக்’ என்ற முத்திரையைப் பெரிதாக நம்ப வேண்டாம்: அந்தக் கருத்து 1970களில் முயல் காதில் நடந்த சோதனைகளிலிருந்து வளர்ந்தது, முயல் காதோ மனித முகத்தைவிட எளிதில் அடைத்துக்கொள்ளும். கண் எரிந்தால் இமையைச் சுற்றி மட்டும் ஜிங்க் பூச்சு போதும். எளிதில் சிவந்து அரிக்கும் தோலுக்கு வாசனைப் பொருள் இல்லாததே நல்லது. கீட்டோபுரோஃபென் வலி நிவாரண ஜெல் பூசி வெயிலில் ஒவ்வாமை கண்டவர்கள் ஆக்டோகிரிலீனையும் தவிர்க்க வேண்டும்.

அச்சிட்ட எண்ணும் எப்போதும் மெய்யாகாது. ஆஸ்திரேலிய நுகர்வோர் அமைப்பான ‘சாய்ஸ்’ 2025இல் சோதித்த 20 சன்ஸ்கிரீன்களில் 16 தங்கள் எண்ணை எட்டவில்லை. அங்கே அவை மருந்துப் பொருள் கட்டுப்பாட்டில் வருபவை. இந்தியாவில் சன்ஸ்கிரீன் அழகுசாதனப் பொருள் என்றே கணக்கு. 2020ஆம் ஆண்டின் விதிகள் அதை ஆள்கின்றன. சோதனை அறிக்கையை வெளியிடும் நிறுவனத்துக்கு முன்னுரிமை கொடுப்பது நியாயம்.

சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அது ஏறத்தாழ 1.2 கிராம், வீட்டில் பலர் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 1992இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், நாள்தோறும் பூசியவர்களின் தோலில் முதுமைக் குறிகள், விரும்பியபோது பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தன. அவர்கள் பூசியது எஸ்.பி.எஃப். 15ஐ ஒட்டிய களிம்புதான். முழு அளவில் நாளுக்கு ஒருமுறை பூசினால் 50 கிராம் குழாய் 40 நாளில் தீர வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டிய போக்குவரத்துக் காவலருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் அது பத்து நாள்தான் வரும். தொப்பியும் தலைத்துண்டும் பாதிச் சுமையைத் தாங்கினால்தான் அவர்களுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகும்.