சான்றோர்: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

நிறைதல், அமைதல் என்னும் பொருள்களைத் தரும் 'சால்' என்ற வினையடியாகப் பிறந்தது 'சான்றோர்'. சொல்லளவில் 'நிறைந்தவர்' என்பதே பொருள். எதனால் நிறைந்தவர் என்பதைச் சொல் கூறுவதில்லை. மொழிபெயர்ப்பாளர் இடர்ப்படுவது இங்கேதான்.

புறநானூறு 312ஆம் பாடலில் பொன்முடியார், மகனைச் சான்றோன் ஆக்குவதைத் தந்தையின் கடனாக்குகிறார். மேடைகளில் இது கல்வியின் பெருமைக்கு எடுத்துக்காட்டப்படுவதுண்டு. ஆனால் அப்பாடலிலேயே கொல்லன் வேல் வடிக்கிறான். மகன் களிற்றை வீழ்த்தி மீள்கிறான். இங்குச் சான்றோன் வீரனே. பதிற்றுப்பத்தின் பழைய உரைகாரரும் சேர வேந்தனைப் போற்றுமிடத்தில் இச்சொல்லுக்கு வீரர் என்றே பொருள் கொண்டார்.

எனினும் முற்காலத்தில் வீரர், பிற்காலத்தில் அறிஞர் என்று கோடு கிழித்துவிட இயலாது. அதே புறநானூற்றின் 191ஆம் பாடலில் பிசிராந்தையார் தம் ஊரினராகச் சுட்டும் சான்றோர் அடக்கமுடையோர். குறுந்தொகை 102இல் ஔவையாரின் தலைவி, தன்னோடு பழகியவரைச் சான்றோர் அல்லர் என்கிறாள். அவள் ஐயுறுவது தலைவனின் வீரத்தையுமன்று, கல்வியையுமன்று!

திருக்குறளின் 99ஆம் அதிகாரமான சான்றாண்மை, அன்பு முதலிய ஐந்து பண்புகளைத் தூண்களாக்குகிறது. 69ஆம் குறளில் வரும் 'சான்றோன்' என்பதற்கோ, கல்வி கேள்விகளால் நிறைந்தவன் எனப் பரிமேலழகர் உரை கண்டார். இன்றைய வழக்கு பெரிதும் இவ்வுரையை ஒட்டியது. சங்கப் பாடல்களை உரையாசிரியர்கள் 'சான்றோர் செய்யுள்' என வழங்கியதும் இதற்குத் துணையாயிற்று எனலாம்.

பிறமொழியில் எங்கும் 'அறிஞர்' என்று பெயர்த்தால் பொன்முடியாரின் களிறு பொருளற்றுப்போகும். எங்கும் 'வீரர்' என்றால் ஔவையாரின் தலைவி நொந்துகொள்வது எதற்கென்றே விளங்காது.