நாற்பத்திரண்டில் இறக்காதவர்கள்

1920–22 காலப்பகுதியில் இலங்கை ஆண்களின் ஆயுள் எதிர்பார்க்கை 32.7 வருடங்கள், பெண்களுடையது 30.7 வருடங்கள். இதைப் படிப்பவர், அக்காலத்தவர் முப்பது வயதிலேயே மூப்படைந்து மடிந்தனர் என்று எண்ணிவிடக்கூடும். அப்படியாயின் எங்கள் வாப்பும்மாமார் தங்கள் சிறுபராயத்தில் யாருடைய வாயிலிருந்து பழங்கதைகளைக் கேட்டனர்?

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். பத்துப் பிள்ளைகளில் மூவர் பிறந்த சில நாட்களில் இறக்கின்றனர். எழுவர் அறுபது வயது வரை வாழ்கின்றனர். சராசரி 42. ஆனால், நாற்பத்திரண்டில் இறந்தவர் எவருமில்லை. மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன 1934–35 காலத்தை நினைத்துப்பாருங்கள். 1935இல் இலங்கையின் சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு 263. நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு மேல், முதலாவது வயதைக் காணவில்லை.

ஆயுள் அட்டவணை இவ்வாறே அமைகிறது. ஒரு இலட்சம் குழந்தைகள் ஒன்றாகப் பிறந்ததாகக் கற்பனை செய்து, குறித்த ஓர் ஆண்டில் ஒவ்வொரு வயதிலும் நிலவிய மரண வீதத்தை அவர்கள்மீது வரிசையாகச் சுமத்துகின்றனர். அவர்கள் அனைவரும் வாழ்ந்த வருடங்களைக் கூட்டி, ஓர் இலட்சத்தால் வகுத்தால் வருவதே பிறப்பின்போதான ஆயுள் எதிர்பார்க்கை. எனவே அந்த எண் ஒரு மனிதனின் விதியைச் சொல்வதில்லை. ஓர் ஆண்டின் நிலையைச் சொல்கிறது.

1946இல் ஏறத்தாழ 43 ஆக இருந்த எமது நாட்டின் எண், 1947இல் 52ஐ எட்டியது. ஒரே வருடத்தில் எவருக்கும் ஒன்பது வயது கூடவில்லை. மரணத்தின் வேகம் தணிந்தது. டீ.டீ.ரீ. தெளித்து நுளம்பை ஒழித்தமையே காரணம் என்றனர் பலர். மலேரியா குறைந்த மாவட்டங்களிலும் மரணம் குறைந்ததை எஸ்.ஏ. மீகம போன்றோர் சுட்டிக்காட்டி, வைத்தியசாலைகளையும் போஷாக்கையும் கணக்கில் சேர்த்தனர். 1946இல் பிறந்தோர் பலர் அந்த 43ஐ எப்போதோ தாண்டி, இன்றும் எம்மத்தியில் வாழ்கின்றனர்.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொரு வேறுபாடு. 1946இல் ஆண்களுக்கு 43.9; பெண்களுக்கு 41.6. அந்த ஆண்டில் உயிருடன் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளுக்கும் பதினைந்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950இல் அது ஆறுக்கும் குறைந்தது. 1970களின் தொடக்கத்தில் பெண்களின் ஆயுள் எதிர்பார்க்கை ஆண்களுடையதை முந்திவிட்டிருந்தது.

ஊர் வரலாறு எழுத நாம் முதியோரையே தேடிப்போகிறோம். முதுமை வரை வந்தவர்களே கதை சொல்கின்றனர். பேறுகாலத்தில் மவுத்தான உம்மாவும், பெயர் வைக்குமுன் போன பிள்ளையும் எந்த நேர்காணலுக்கும் வருவதில்லை. 30.7 என்ற அந்தச் சிறிய எண்ணில்தான் அவர்கள் பதிவாகியிருக்கின்றனர். அதை மூப்பின் கணக்காகப் படித்தால், அவர்களை இரண்டாம் முறையும் தொலைத்துவிடுவோம்.