தடய அறிவியல் கல்வி: சேலம், நாமக்கல் வட்டாரம்

குற்ற வழக்குகளின் சான்றுப் பொருள்களைப் பரிசோதிக்கும் அரசு ஆய்வகமும், அறிவியல் பட்டம் தரும் பல்கலைக்கழகமும் சேர்ந்து தடய அறிவியலாளர்களை உருவாக்கும் ஏற்பாடு தடய அறிவியல் கல்விக் கூட்டு எனப்படும். பாடத்திட்டம் வகுத்தல், மாணவர்களுக்கு ஆய்வகப் பயிற்சி, பணியிலிருக்கும் அறிவியல் அலுவலர்களுக்கு மேற்படிப்பு, கூட்டாய்வு ஆகியவை இதில் அடங்கும். இந்தக் கூட்டுக்கு வேண்டிய உறுப்புகள் பலவும் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஒன்றுக்கொன்று சில மணி நேரத் தொலைவுக்குள் இருக்கின்றன.

தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வட்டார ஆய்வகங்களில் ஒன்று சேலத்தில் இயங்குகிறது. சேலத்தை அடுத்த கருப்பூரில் 1997 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகம் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களுக்கு உரியது. அங்கு வேதியியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம், நிலவியல், உளவியல், கணினி அறிவியல் ஆகிய துறைகள் உள்ளன. தடய ஆய்வகம் ஒன்றின் பிரிவுகளை எண்ணிப் பார்த்தால் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான் வரும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி உள்ளது. நாமக்கல்லில் 1985-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. இரண்டு நகரங்களிலும் அரசு சட்டக் கல்லூரிகளும் உண்டு.

பின்னணி

இந்தியாவின் முதல் வேதிப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் சென்னை மாகாணத்தில் அமைந்தது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் ஆகியவை அதன் பின்னரே வந்தன. நஞ்சுச் சாவுகளில் எடுக்கப்பட்ட உள்ளுறுப்புகளைச் சோதிப்பதே அன்றைய முதன்மை வேலை. அந்தக் காலத்தில் வகுப்பறையும் ஆய்வகமும் தனித்தனியாக இருக்கவில்லை. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வார்டன், வங்க அரசின் வேதிப் பரிசோதகராகவும் இருந்தார். காலையில் அவர் பாடம் நடத்திய அதே வேதியியல்தான் மாலையில் நீதிமன்றத்துக்கான அறிக்கையாயிற்று. பின்னாளில் ஆய்வகங்கள் தனி அரசுத் துறைகளாக வளர்ந்தபோது இந்த உறவு தளர்ந்தது.

உலக அளவில், பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தடய அறிவியலுக்கு ஒரு பள்ளி முதன்முதலில் அமைந்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், 1909-இல், அமைத்தவர் ரைஸ். மரபணுக் கைரேகை முறையும் 1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸின் மேசையில் பிறந்ததுதான். இந்தியாவில் சாகர் பல்கலைக்கழகம் 1959-இல் குற்றவியல், தடய அறிவியல் துறையைத் தொடங்கியது. குஜராத்தில் மாநிலத் தடய அறிவியல் இயக்ககத்தின் அரவணைப்பில் ஒரு தனிப் பல்கலைக்கழகமே எழுந்தது. அதுவே 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமாயிற்று. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை தடய அறிவியல் கட்டமைப்புக்கென 2,254.43 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. புதிய வளாகங்களும் புதிய மத்திய ஆய்வகங்களும் அதில் அடக்கம்.

தமிழ்நாட்டுத் துறையின் பெயரை உலகறியச் செய்தவர் அதன் இயக்குநராக இருந்த பா. சந்திரசேகரன். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த துணித் துணுக்குகளையும் கம்பிகளையும் உடற்சிதைவுகளையும் கொண்டு, வெடிகுண்டு ஒரு பெண்ணின் உடலில் கச்சையாகக் கட்டப்பட்டிருந்ததை அவர் நிறுவினார்.

வட்டாரத்தின் சான்றுப் பொருள்கள்

தடய அறிவியலின் விதிகள் எல்லா ஊருக்கும் பொது. ஆய்வக மேசைக்கு வந்து சேரும் பொருள் மட்டும் மண்ணுக்கு மண் மாறும். கூட்டின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

கொங்கு வட்டாரத்தில் வாசல் தெளிக்கச் சாணத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தும் சாணிப்பவுடர் உண்மையில் சாயப்பொடி. மஞ்சளாக இருப்பது ஆரமின், பச்சையாக இருப்பது மலக்கைட் பச்சை. நஞ்சுச் சாவு வழக்குகளில் இது இந்தப் பகுதிக்கே உரிய பொருள். வெளிநாட்டுப் பாடநூல்களில் இதற்கு இடம் இருக்காது. ஒடுவந்தழை, அரளி, பயிர்களுக்கு அடிக்கும் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் ஆகியவற்றையும் இங்குள்ள நச்சியல் மாணவர் தாவரமாகவும் வேதிப்பொருளாகவும் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். மரவள்ளி சேலம், நாமக்கல் உழவர்களின் பணப்பயிர். அதன் இலையிலும் தோலிலும் உள்ள சேர்மம் சயனைடை வெளியிடக் கூடியது. இளஞ்சோளப் பயிரும் அப்படித்தான். மேய்ந்த மாடு பட்டியில் செத்துக் கிடந்தால், பகையில் யாரோ விஷம் வைத்ததா, மேய்ச்சல் செய்த வேலையா என்று சொல்வதற்கு நாமக்கல் கால்நடைக் கல்லூரியின் அறிவும் தடய ஆய்வகத்தின் கருவியும் சேர்ந்தே தேவைப்படும்.

நாமக்கல் லாரித் தொழில் இன்னொரு பாடம். திருட்டு வண்டிகளில் சேசிஸ் எண்ணை அரத்தால் ராவி அழித்துவிட்டு வேறு எண்ணைக் குத்துவது உண்டு. எண்ணைக் குத்தும்போது இரும்பின் அடியடுக்கும் நசுங்கிவிடுகிறது. மேலே ராவினாலும் அந்த நசுக்கல் போவதில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தாமிரக் குளோரைடு கலந்த கரைசலைப் பஞ்சில் தொட்டுத் தொட்டுத் தடவினால், நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வெவ்வேறு வேகத்தில் அரிபட்டுப் பழைய எண் மெல்லத் தலைகாட்டும். இதை எழுத்தில் படித்தவரால் செய்துவிட முடியாது. பாடி கட்டும் பட்டறைகளில் விழும் கழிவு இரும்புத் துண்டுகளில் எண் குத்தி, ராவி, மீட்டுப் பழகலாம். இவ்வளவு மலிவான பயிற்சிப் பொருள் வேறு எந்த மாவட்ட மாணவருக்குக் கிடைக்கும்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, பாதிக்கப்பட்டவர்களில் பலர் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக்கிக் குரோமோட்ரோபிக் அமிலத்துடன் சேர்த்தால் ஊதா நிறம் வரும் என்பது கல்லூரி வேதியியல். இரத்தத்தில் அது எவ்வளவு என்பதை வாயு நிறப்பகுப்புக் கருவியில் அளந்து, மருத்துவருக்கு உடனடியாகவும் நீதிமன்றத்துக்குப் பின்னரும் சொல்வது தடய அறிவியல். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மாணவர் கடக்க உதவுவதே கூட்டின் வேலை.

மின்னணுச் சான்றுக்கும் இங்கே மறக்க முடியாத எடுத்துக்காட்டு உண்டு. 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி இளைஞர் திருச்செங்கோட்டில் கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். அந்த வழக்கில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு முதன்மைச் சான்றுகளில் ஒன்றாயிற்று. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. சாட்சிகள் தடுமாறும் சாதிக் கொலை வழக்குகளில், ஒரு வன்தட்டை முறையாக எடுத்து, முத்திரையிட்டு, பிரதி எடுத்து, சான்றிதழுடன் ஒப்படைப்பவரின் கையில் நீதி பெரிதும் தங்கியிருக்கிறது.

பயிற்சியின் அமைப்பு

மாணவர்கள் உண்மையான வழக்குப் பொருள்களைத் தொடக் கூடாது. எந்தப் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற தொடர் ஓரிடத்தில் அறுந்தாலும் வழக்கு தளர்ந்துவிடும். ஆகவே போலி மாதிரிகளே பயிற்சிக்கு ஏற்றவை. தீர்ப்பு முடிந்த வழக்குகளின் கோப்புகளை, பெயர்களை நீக்கிவிட்டுப் பாடமாக்கலாம்.

முதலில் கற்க வேண்டியவை மிகச் சிறியவை. தவறினால் திருத்த முடியாதவையும் அவையே. உள்ளுறுப்புகளை நிறைவுற்ற உப்புக் கரைசலில் வைப்பது வழக்கம். அந்த உப்பின் மாதிரியையும் தனியே அனுப்ப வேண்டும். சாராயச் சாவு என்று ஐயம் இருந்தால் பாதுகாப்புக்கு ஸ்பிரிட்டைப் பயன்படுத்தக் கூடாது. பிணவறையில் ஜாடியைத் தவறாக நிரப்பிவிட்டால், ஆய்வகத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தும் பயனில்லை. எனவே மருத்துவக் கல்லூரியின் சட்ட மருத்துவத் துறை சேராத கூட்டு அரைகுறையானது என்பது இக்கட்டுரையின் கருத்து.

அறிக்கை எழுதுவதும் சாட்சி சொல்வதும் பாடத்தில் இடம்பெற வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு, அரசு அறிவியல் வல்லுநரின் அறிக்கையை அவரை அழைக்காமலே சான்றாக ஏற்க இடம் தருகிறது. நீதிமன்றம் விரும்பினால் அவரை அழைத்து விசாரிக்கவும் செய்யலாம். வேதியியல் மாணவரைக் கூண்டில் ஏற்றி, சட்டக் கல்லூரி மாணவரைக் குறுக்கு விசாரணை செய்யவைக்கும் மாதிரி நீதிமன்றத்தைச் சேலத்திலும் நாமக்கல்லிலும் செலவின்றி நடத்தலாம். தனக்குத் தெரிந்ததன் எல்லையைத் தயங்காமல் சொல்லும் துணிவை வேறு எந்த வகுப்பும் இவ்வளவு நன்றாகக் கற்றுத் தராது.

பயன் ஒருவழிப் பாதையன்று. வேலைப் பளுவில் ஆய்வக அலுவலர்களுக்குப் புதிய முறைகளைச் சோதித்துப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. சாணிப்பவுடர் சாயம் அழுகிய திசுவில் எத்தனை நாள் நிலைக்கும் என்பது போன்ற கேள்விகளைப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் எடுத்துச் செய்யலாம். விடையை மறுநாளே ஆய்வகம் பயன்படுத்திக்கொள்ளும்.

காலக்கெடு

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் ஒவ்வொன்றிலும் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கு நேரில் செல்ல வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அந்த ஜூலையில் இளங்கலை அறிவியலில் சேர்ந்த மாணவர் முதுகலையும் முடித்து வெளிவரும் ஆண்டு 2029. அவகாசம் முடியும் ஆண்டும் அதுவே.