இரண்டாம் காய்ச்சல்

ஹிஜ்ரி 1193, அதாவது கி.பி. 1779-ஆம் ஆண்டு, கெய்ரோ நகரில் ஒரு காய்ச்சல் பரவியது. பின்னாளில் பெரும் வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற அப்துர் ரஹ்மான் அல்-ஜபர்த்தி அப்போது இளைஞர். தமது ‘அஜாயிபுல் ஆஸார்’ என்னும் நூலில் அந்நோயை அவர் பதிந்து வைத்துள்ளார். மக்கள் அதனை ‘அபுர் ருகப்’ என்றழைத்தனராம். முழங்கால்களின் தந்தை என்பது சொற்பொருள். (எதையேனும் சிறப்பாக உடையதை அதன் தந்தை என்பது அரபு மரபு, நோயையும் அம்மரபு விடவில்லை!) மூன்று நாள் கடுஞ்சுரம், மூட்டுவலி, விரல்கள் அசையாமை, ஒரு மாதத்துக்கு மேலும் நீடிக்கும் அதன் எச்சம் என அடையாளங்களை நுணுக்கமாகவே தந்திருக்கிறார்.

அதே ஆண்டு, இன்று ஜகார்த்தா எனப்படும் படேவியாவில் டேவிட் பைலன் என்னும் மருத்துவரும் இத்தகைய காய்ச்சலை வருணித்தார். மறு ஆண்டு, 1780-இல், நம் சென்னையில் அதைப் போன்றதொரு காய்ச்சல் கண்டதாகக் குறிப்பு உண்டு. இவையனைத்தையும் டெங்கு என்றே நூல்கள் எழுதி வந்தன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆய்ந்த டொனால்டு கேரி 1971-இல் இதை மறுத்தார். நெடுநாள் மூட்டுவலி சிக்குன்குனியாவின் குணமாயிற்றே என்பது அவர் வாதம். ஜபர்த்தியின் வரிகளைப் படித்தால் கேரியின் பக்கமே நியாயம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. 1964-இல் சென்னையையும் வேலூரையும் சிக்குன்குனியா முடக்கியபோது டெங்குவும் உடன் உலவியதை வேலூர் ஆய்வாளர் கண்டனர். ஒரே கொசு சுமக்கும் இரு நோய்கள் பெயர் மயங்கியதில் வியப்பில்லை.

ஆனால் டெங்குவின் கொடிய முகம் வேறு. 1950-களில் மணிலாவிலும் பாங்காக்கிலும் குழந்தைகள் இரத்தக்கசிவும் அதிர்ச்சியும் கண்டு மாண்டனர். பாங்காக்கில் ஆராய்ந்த ஸ்காட் ஹால்ஸ்டெட் ஒரு புதிரைக் கண்டார். கடுமையாக நோயுற்றோருள் பெரும்பாலோர் முன்னரே ஒருமுறை டெங்கு கண்டவர்கள். எஞ்சியோர் ஒரு வயது நிரம்பாத சிசுக்கள். டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒரு வகைக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் மற்றொரு வகையைப் பற்றிக்கொள்ளும். ஆனால் அதன் வலிமையை முறிக்காது. அந்தப் பிடியுடனேயே வைரஸ் வெள்ளணுவுக்குள் புகுந்து பல்கிப் பெருகும். காவலனே திருடனைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்வது போன்றது இது. பின்னர் உடல் பதறிச் சுரக்கும் வேதிப்பொருட்களால், வைரஸின் புரதம் ஒன்றும் துணைசேர, நுண்குழாய்கள் கசிந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறுகிறது. சிசுக்களுக்கோ தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளே குறைந்து தேயும் காலத்தில் இவ்வாறு மாறிவிடுகிறது.

கியூபா இதற்குச் சான்றாயிற்று. 1977-இல் அங்கு முதல் வகை பரவியது. 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தனர், அவர்களுள் 101 பேர் சிறார். 1977-இன் பரவலுக்குப் பின் பிறந்த ஓரிரு வயதுக் குழந்தைகளோ கடும்நோயிலிருந்து பெரும்பாலும் தப்பினர். எனினும் இரண்டாம் முறை காண்போர் எல்லோரும் ஆபத்துக்குள்ளாவதில்லை. மிகப் பலர் எளிதாகவே தேறுகின்றனர்.

இந்த வரலாறு நம் மேற்குப் புறநகருக்கு எவ்வளவு நெருங்கியது! அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இயங்குகிறது. அது 2017-18-இல் பதினைந்து மாநிலங்களில், 5 முதல் 45 வயது வரையுள்ளோரின் இரத்தத்தைச் சோதித்தது. நாட்டில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் முந்தைய டெங்குவின் தடம் இருந்தது. தென்மாநிலங்களில் அது நூற்றுக்கு 76.9. ஆக, ஆவடியிலோ பூந்தமல்லியிலோ டெங்கு வந்து படுப்பவருக்கு அது இரண்டாம் காய்ச்சலாக இருக்கக் கூடுதல் வாய்ப்புண்டு. முதலாவது வந்ததை அவரே அறிந்திருக்க மாட்டார். குடங்களிலும் தொட்டிகளிலும் நீர் சேர்த்து வைக்கும் நம் தெருக்களில் ஏடிஸ் கொசுவுக்குக் குறைவேது?

அக்கசிவு நேர்வது காய்ச்சல் உச்சத்தில் அன்று. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சுரம் தணியும் வேளையில். ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று வீட்டார் மகிழும் நேரம் அது. விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், சோர்வு, கைகால் சில்லிடல் ஆகியவை கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆஸ்பிரின், இபுபுரோபன் ஆகாது. கசிவு ஒன்றிரண்டு நாளே நீடிக்கும். அதற்குள் அளந்து நீர் ஏற்றிக் காப்பதே மருத்துவரின் கலை. கசிந்த நீர் மீண்டும் குழாய்களுக்குள் திரும்பும்போது ஏற்றுவதை நிறுத்தாவிடில், மிகையான நீர் நுரையீரலில் தேங்கிவிடும்.