தானா ஆற்றில் சால்மன் தடை

ஐரோப்பாவின் வடகோடியில், நார்வேக்கும் பின்லாந்துக்கும் நெடுந்தூரம் எல்லையாக ஓடிப் பேரண்ட்ஸ் கடலில் கலக்கும் ஆறு தானா. பின்லாந்துக்காரர்கள் இதை டெனோ என்பார்கள். தூண்டிலில் பிடிபட்ட அட்லாண்டிக் சால்மன்களில் மிகப் பெரியது, ஏறக்குறைய 36 கிலோ எடையுள்ளது, 1928இல் சிக்கியது இங்கேதான். அந்த ஆற்றில் 2021 கோடையில் இரு நாடுகளும் சால்மன் பிடிப்புக்கு மொத்தத் தடை போட்டன. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அது நீண்டது.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த கிளையாற்றுக்கே திரும்பும் மீன். தானாவில் மரபணு அளவில் வேறுபட்ட கூட்டங்கள் சுமார் 30 உண்டு. சிக்கலே இதில்தான். கிளையாறுகளுக்குப் பிரியும் முன் எல்லாக் கூட்டங்களும் முதன்மை ஆற்றில் கலந்தே ஏறுகின்றன. அங்கே விரிக்கும் வலைக்குச் செழித்த கூட்டம் எது, நொடித்த கூட்டம் எது என்று தெரியாது. போதாக்குறைக்கு, கடலுக்குப் போன மீன்களில் திரும்புபவையும் குறைந்துவிட்டன. இந்தக் குறைவுக்கு ஆற்றங்கரைச் சட்டம் எதுவும் மருந்தாகாது.

தடையின் சுமை பெரிதும் விழுந்தது சாமி பழங்குடியினர் மேல். கரையிலிருந்து முக்காலி மரச்சட்டங்களை வரிசையாக ஊன்றி, வலை கட்டி, எதிரேறும் மீனை மடக்குவது அவர்களுடைய பழைய முறை. எந்த மடுவில் எப்போது ஊன்றுவது என்பதைப் பிள்ளைகள் படகில் கூடவே போய்த்தான் கற்கிறார்கள். சில கோடைகள் தவறினாலே அந்தப் பாடம் அறுந்துபோகும்.

கசப்பு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. மீன்பிடி அழுத்தத்தை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைக்க இரு நாடுகளும் செய்த ஒப்பந்தம் 2017இல் நடைமுறைக்கு வந்தபோதே சாமி நாடாளுமன்றங்கள் எதிர்த்தன. தங்கள் சம்மதம் பெறப்படவில்லை என்பது அவர்கள் வாதம். உட்ஸ்யோகி, வெட்ஸியோகி என்னும் கிளையாறுகளில் விதியை மீறி மீன் பிடித்ததாக வழக்குக்கு உள்ளான சாமிகளைப் பின்லாந்து உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் விடுவித்தது. அவர்களுடைய பண்பாட்டு உரிமை அரசியலமைப்பின் காவலில் இருப்பதைத் தீர்ப்பு முன்வைத்தது. ஆனால் முதன்மை ஆற்றுத் தடையை அது அகற்றவில்லை.

இதற்கிடையே அழையா விருந்தாளி ஒன்று ஆற்றில் நுழைந்தது. பசிபிக் கடலைச் சேர்ந்த இளஞ்சிவப்புச் சால்மனைச் சோவியத் ஒன்றியம் கோலா தீபகற்ப ஆறுகளில் விட்டு வளர்த்தது. அதன் சந்ததி ஒற்றைப்படை ஆண்டுகளில் வட நார்வே ஆறுகளில் திரளாக ஏறுகிறது. முட்டையிட்டதும் எல்லாம் செத்து, அழுகிய உடல்கள் ஆற்றில் குவியும். இவற்றை மறிக்க 2023இல் தானாவின் குறுக்கே தடுப்பும் பொறியும் அமைக்கப்பட்டன.

தடையிலிருந்து மற்ற ஆறுகளும் தப்பவில்லை. 2024 ஜூனில், பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே, தென்பகுதியில் 33 ஆறுகளைச் சால்மன் பிடிப்புக்கு நார்வே மூடியது. அந்த முறை கையைப் பிசைந்தவர்கள் பெரும்பாலும் அனுமதிச்சீட்டு வாங்கிவைத்திருந்த தூண்டில்காரர்களும் ஆற்றங்கரை நில உரிமையாளர்களும்.